மறுப்பே இல்லாத நிலையம்

நற்றுளி பொதுச் சாயநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில் இரண்டு மின்பலகைகள் உண்டு. பெருமாநல்லூர் ரோட்டில் டவுன் பஸ்ஸின் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர் கண்ணுக்கும் படுகிற மாதிரி, பட்டப்பகலிலும் சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும். ஒன்றில் 'வெளியேறிய கழிவுநீர்: 0' என்று இருக்கும். மற்றதில் 'மறுக்கப்பட்ட அனுமதிகள்: 0' என்று இருக்கும். முதலாவது அரசாங்கத்தின் கண்ணுக்கு. இரண்டாவது, நிலையத்தின் தகவல் பாதுகாப்புக் கொள்கைத் தலைவர் ராஜவேலின் சொந்தக் கண்டுபிடிப்பு.

ராஜவேலின் கொள்கை இதுதான். உள்ளே வருகிற மனிதனானாலும் சரி, கம்ப்யூட்டருக்குள் கிடக்கிற கோப்பானாலும் சரி, எல்லாவற்றுக்கும் ஒரு லேபிள் இருக்க வேண்டும். யார் எதைத் தொடலாம் என்பதை லேபிள்தான் முடிவு செய்யும். லேபிள் பொருந்தாவிட்டால் சேர்மனே வந்து நின்றாலும் சர்வர் விடாது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. உலகத்தில் சர்வர் வைத்திருக்கிற பலரும் செய்வதுதான். ஆனால் மறுப்பு நடந்தால் பதிவாகும், பதிவானால் பலகையில் எண் ஏறும், எண் ஏறினால் 'பூஜ்ய மறுப்பு விருது' கை நழுவிப் போகும். ராஜவேல் யோசித்தார். மறுப்புகளைப் பதிவு செய்ய வேண்டாம் என்று சர்வருக்குச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த நிலையத்தில் யாருக்கும் எதுவும் மறுக்கப்பட்டதில்லை.

வாசலில் வருகிற பொதுமக்களுக்கும் இதே மரியாதைதான். யார் வந்தாலும் வாட்ச்மேன் முகம் சுளிக்காமல் 'தற்காலிகம்' என்று அச்சடித்த கார்டு ஒன்றைக் கொடுப்பார். கார்டு யாருக்கும் மறுக்கப்படவில்லை. அந்தக் கார்டை வாசல் பெட்டியில் வைத்தால் பெட்டி சர்வரைக் கேட்கும், சர்வர் எந்தக் கதவையும் திறக்காது, அவ்வளவுதான்.

மெஹ்ஜபின் அந்த நிலையத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. அத்தா பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பனியன் வேஸ்ட் வியாபாரம். தம்பி ஜாஹித் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறான். வீட்டிலேயே முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. அதனால் ஆபீசில் எது தப்பாக நடந்தாலும், நாம்தான் ஏதோ சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது என்று முதலில் தன்னையே சந்தேகப்படுவாள்.

அந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் தன் மேஜையில் இருந்தபடி சர்வருக்குள் நுழையப் பார்த்தாள். 'பர்மிஷன் டினைடு' என்று வந்தது. லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். சர்வருக்குள் நுழைய அடையாளமாக இருக்கும் தன்னுடைய சாவிக் கோப்பைத் திறந்து சரிபார்த்தாள். பிஸ்மி சொல்லித் தட்டிப் பார்த்தாள். சர்வர் அதே இரண்டு வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

சர்வர் எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். ஆபீஸ் கட்டிடத்தில் ஏ.சி. போட்ட அறை ஒன்று அதற்கென்றே கட்டப்பட்டிருந்தது. ஆனால் சேர்மன் சென்னியப்பன் கூட்டி வந்த வாஸ்து நிபுணர், கனமான பொருள் கன்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நிலையத்து நிலத்தின் கன்னி மூலையில் இருந்தது, சாயநீரைத் தொட்டிக்கு ஏற்றும் பம்ப் ஹவுஸ். ஆகவே, மொத்த நிலையத்தின் மூளையையும் கொண்டுபோய் பம்புக்குப் பக்கத்தில் வைப்பதென்று தீர்மானமாயிற்று. பம்ப் ஹவுஸுக்கு இரும்புக் கதவு போட்டார்கள். அந்தக் கதவைத் திறக்கும் அதிகாரத்தைச் சர்வருக்கே கொடுத்தார்கள். சர்வரிடம் தூரத்திலிருந்து உள்ளே நுழைந்து 'கதவைத் திற' என்று சொன்னால் திறக்கும். மனிதக் கை படக் கூடாது என்பது கொள்கை. பம்பின் கை சுவிட்சையும், தொட்டி நிறைந்தால் தானாக நிற்கிற மிதவையையும் அதே காரணத்துக்காகக் கழற்றிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் இடமாற்ற விழா. ராகுகாலத்துக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, மாலை போட்டார்கள். எல்லாருடைய சாவிக் கோப்புகளையும் ராஜவேல் ஒரு தற்காலிக இடத்தில் இறக்கி வைத்திருந்தார். விதிப்படி அவற்றை ஒவ்வொன்றாக முறையாகப் பதிந்து வைக்க வேண்டும். சேர்மன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "ராஜவேலு, நேரம் போவுதுங்க, சட்டுனு முடிங்க" என்றார். ராஜவேல் அத்தனையையும் ஒரே அள்ளாக அள்ளி, இருக்க வேண்டிய இடத்தில் போட்டார். சேர்மன் பொத்தானை அமுக்கினார். பம்ப் ஓடியது. கைதட்டினார்கள். கதவு சாத்தப்பட்டது. ராகுகாலத்தில் எதையும் சோதித்துப் பார்க்கக் கூடாது என்பதால் எல்லாரும் போண்டா சாப்பிடப் போனார்கள்.

சேர்மன் பம்பை ஓடச் சொன்னார். நிற்கச் சொல்ல யாரும் இல்லை. சனியும் ஞாயிறும் அது சொன்ன வேலையைச் செய்துகொண்டே இருந்தது.

மெஹ்ஜபினின் போன் அடித்தது. தொட்டிப் பக்கம் டியூட்டி பார்க்கும் ஜெயபாண்டி. மதுரைக்காரன், வாயில் ஒளிவு மறைவு கிடையாது.

"அக்கா, தொட்டி வழியுதுக்கா! பம்ப நிப்பாட்டுங்க. சுவத்துக்கு அங்கிட்டு அந்த மயிலாளம்மா காட்டுக்குள்ள கத்திரிக்கா கலர்ல தண்ணி ஓடிக்கிட்டு இருக்கு. அந்தம்மா நின்னு கத்துது, எனக்குக் கேக்கச் சகிக்கல."

மயிலாளின் காடு பம்ப் ஹவுஸ் மதிலை ஒட்டியது. ஒரு கிணறு, கொஞ்சம் சோளம், கட்டுத்தறியில் ஒரு காங்கேயம் பசு, அதுவும் நிறைசினை. சுற்றியிருந்தவர்கள் எல்லாம் நிலத்தை விற்றுவிட்டுப் போன பிறகும் அவள் விற்கவில்லை. காரணம் அந்தக் கிணறுதான். அக்கம்பக்கத்தில் வாயில் வைக்கிற தண்ணீர் மிச்சம் இருந்தது அதில் மட்டும்தான். ஐந்தாறு வீட்டுப் பெண்கள் அதில்தான் குடம் நிறைத்தார்கள்.

"கெணத்துக்குப் போயிருச்சா?" என்று கேட்டாள் மெஹ்ஜபின்.

"இன்னும் இல்ல. சோளக்காட்டுல நிக்குது. மத்தியானத்துக்குள்ள போயிரும்க்கா."

அவள் ராஜவேலின் அறைக்கு ஓடினாள். அவர் விருது விழாவில் பேசப்போகும் உரையைத் திருத்திக்கொண்டிருந்தார். அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அவர் எதையும் பொறுமையாகத்தான் கேட்பார்.

"மறுப்பு எண் இருக்குதுங்களா?" என்றார்.

"என்ன எண்ணுங்க சார்?"

"உங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்தா அது பதிவாகியிருக்கும். பதிவுக்கு ஒரு எண் இருக்கும். அந்த எண்ணைக் குடுத்தீங்கன்னா நான் விசாரணைக்கு எடுத்துக்குவேன்."

"பதிவே ஆகலீங்க சார். பதிவு பண்ண வேண்டாம்னு நீங்கதானுங்களே…"

"பதிவாகலைன்னா மறுக்கலைன்னு அர்த்தம்."

"ஸ்கிரீன்ல பர்மிஷன் டினைடுன்னு வருதுங்க சார்."

"அது சர்வர் உங்ககிட்டத் தனிப்பட்ட முறையில சொல்றதுங்க. நிர்வாகத்துகிட்ட அது ஒண்ணும் சொல்லலையே. நான் நிர்வாகமுங்க."

மெஹ்ஜபினுக்கு ஒரு நிமிடம் தலை சுற்றியது. தமிழில்தான் பேசுகிறார், ஒவ்வொரு வார்த்தையும் புரிகிறது, சேர்த்து வைத்தால் ஒன்றும் புரியவில்லை. "சார், நீங்களே ஒருக்கா உங்க சாவியை வெச்சு நுழைஞ்சு பாருங்க" என்று கெஞ்சினாள்.

ராஜவேல் லேப்டாப்பைத் திருப்பிக்கொண்டு தட்டினார். முகம் மாறியது. பட்டென்று மூடிவிட்டார்.

"நான் இப்ப நுழைய வேண்டிய தேவை இல்லைங்க" என்றார். "தேவை இல்லாம நுழையறது கொள்கைக்கு விரோதம். வேணும்னா கமிட்டியைக் கூட்டச் சொல்றேன்."

கமிட்டி கூடியது. சாயப்பட்டறை முதலாளிகள் தங்கள் தங்கள் கார்களில் வந்து இறங்கினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் டீயும் போண்டாவும் வரும்வரை கூட்டத்தை ஆரம்பிக்கவில்லை. மெஹ்ஜபின் கதவோரம் நின்றாள். போனில் ஜெயபாண்டி அனுப்பும் படங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு படத்திலும் சோளம் கொஞ்சம் குறைவாகவும் தண்ணீர் கொஞ்சம் அதிகமாகவும் தெரிந்தது.

"ஏனுங்கம்மிணி, நம்ம நிலையத்தோட பெருமையே என்னங்க?" என்று சேர்மன் சென்னியப்பன் அவளைக் கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். "ஒரு சொட்டுத் தண்ணி வெளிய போகாது. அப்படித்தானுங்களே?"

"ஆமாங்க சார். ஆனா இப்பப் போயிட்டிருக்குதுங்க."

"போகாதுங்கறேன். போகாதுன்னு சர்க்காருக்கு எழுதிக் குடுத்திருக்குது. எழுதிக் குடுத்ததை மீறி ஒரு தண்ணி போகுதுன்னா, அது எப்படிங்க நம்ம தண்ணியாகும்?"

இது கமிட்டிக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒருவர், வேறு யாருடைய தண்ணீராவது நம் தொட்டி வழியாகப் போய்க்கொண்டிருக்கலாம் என்றார். இன்னொருவர், அப்படியானால் தொட்டியை உபயோகித்ததற்கு நாம்தான் அவர்கள்மேல் கேஸ் போட வேண்டும் என்றார். அது யாருடைய தண்ணீர் என்று கண்டுபிடிக்க ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. துணைக்குழுவுக்குத் தலைவராக ராஜவேலைப் போட்டார்கள். அவர் எழுந்து நன்றி சொன்னார்.

"நம்ம கொள்கையோட வெற்றிக்கு இதை விட அத்தாட்சி வேணுங்களா?" என்றார் ராஜவேல். "அந்தச் சர்வருக்குள்ள இப்ப ஒருத்தராலயும் நுழைய முடியாது. ஹேக்கர் நுழைய முடியாது. வெளிநாட்டுக்காரன் நுழைய முடியாது. ஏன், நானே நுழைய முடியாதுங்க! இந்தளவு பாதுகாப்பு இந்த பெல்ட்டுலயே எந்த யூனிட்டுலயும் கிடையாது."

கைதட்டினார்கள். மெஹ்ஜபினுக்குக் கோபம் வந்திருந்தது; கோபப்பட்டுப் பழக்கமில்லாததால் அது இன்னதென்று தெரிய நேரமாயிற்று.

"மெயின் சுவிட்சை அமத்திரலாமுங்க சார்" என்றாள். "மொத்தக் கரண்டும் போனா பம்பும் நின்னுரும்."

சேர்மன் போண்டாவைத் தட்டில் வைத்தார்.

"மெயினை அமத்துனா வாசல்ல பலகையும் அணைஞ்சு போகுமே?"

"போகுமுங்க."

"ரோட்டுல போறவன் என்னங்க நெனைப்பான்? நற்றுளியில என்னமோ ஆயிப்போச்சுன்னு நெனைக்க மாட்டானா? இன்னும் பத்து நாள்ல விருது. அம்மிணி, சின்னவிங்க நீங்க. ஒரு நிலையத்துக்குப் பேர் வாங்கறது எவ்வளவு பாடுன்னு உங்களுக்குத் தெரியாது."

அந்த நேரத்தில் வாசலிலிருந்து சத்தம் கேட்டது. மெஹ்ஜபின் வெளியே வந்து பார்த்தாள். மயிலாள் நின்றுகொண்டிருந்தாள். முழங்கால் வரை சேலை கத்திரிப்பூ நிறத்தில் நனைந்திருந்தது. இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடம். குடத்துக்குள்ளும் அதே நிறம்.

வாட்ச்மேன் அவள் கையில் 'தற்காலிகம்' கார்டைக் கொடுத்திருந்தார். அவள் அதை வாசல் பெட்டியில் வைத்தாள். பெட்டி 'கீங்' என்று கத்தி சிவப்பு விளக்கைக் காட்டியது. மறுபடி வைத்தாள். மறுபடி கீங்.

"தெறக்க மாட்டீங்குதுங்களே?" என்றாள்.

"தற்காலிகக் கார்டுக்குத் தெறக்காதுங்கம்மா" என்றார் வாட்ச்மேன்.

"அப்பறம் என்ன மசுத்துக்குக் குடுத்தீங்க?"

"வர்றவங்களுக்குக் குடுக்காம இருக்கக் கூடாதுங்கம்மா. கொள்கை. குடத்தையும் உள்ள கொண்டு போகக் கூடாதுங்க. வெளித் தண்ணிக்கு இங்க அனுமதி கெடையாது."

"இது உங்க தண்ணிடா!" என்று கத்தினாள் மயிலாள். மெஹ்ஜபினைப் பார்த்ததும் கம்பிக் கதவுக்கு வெளியிலிருந்து கையை நீட்டினாள். "அம்முணி, நீயாச்சும் சொல்லு கண்ணு. கெணத்து மேட்டுல ஏறிருச்சு. இன்னங் கொஞ்ச நேரத்துல உள்ள உழுந்துரும். எங்கூட்டு மாடு தண்ணி குடிக்கோணுங் கண்ணு. இந்தத் தெருவே குடிக்கோணும். ஆரையாச்சும் நிறுத்தச் சொல்லு."

மெஹ்ஜபின் திரும்பிக் கமிட்டி அறையைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் ராஜவேல் எழுந்து நின்று எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் சாயம் காய்ச்சிய மனிதர்கள் அந்த அறையில் இருந்தார்கள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே எந்தப் பட்டறையில் என்ன ஆர்டர் ஓடுகிறது என்று சொல்லக் கூடியவர்கள். அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. எல்லாம் தெரிந்தே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரை தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்ததை நினைத்தபோது அவமானமாக இருந்தது.

அவள் தன் கார்டைப் பெட்டியில் வைத்து வெளியே வந்தாள்.

"ஊட்டுல கடப்பாரை இருக்குதுங்களாக்கா?" என்று கேட்டாள்.

மயிலாள் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு நடந்தாள். காட்டு வழியாகப் போய் மதிலில் இடிந்திருந்த இடத்தில் ஏறினார்கள். ஜெயபாண்டி அந்தப் பக்கம் நின்று இருவருக்கும் கை கொடுத்தான். "நான் எதையும் பாக்கலக்கா" என்று சொல்லிவிட்டு, பார்த்துக்கொண்டே நின்றான்.

இரும்புக் கதவில் சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது. மேலே எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. மயிலாள் கடப்பாரையைப் பூட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் கொடுத்து நெம்பினாள். தென்னங்குழி தோண்டிப் பழகிய கை. கதவு முனகிக்கொண்டு திறந்தது. தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குத்தான் சாவி, லேபிள் எல்லாம். நேரே சர்வர் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தால் கடவுச்சொல் போதும். மெஹ்ஜபின் உட்கார்ந்து, பம்பை நிறுத்தினாள். வெள்ளிக்கிழமையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது. மதிலுக்குப் பின்னால் கிணற்றுக்குள் தண்ணீர் விழும் சத்தம் நன்றாகக் கேட்டது.

மயிலாள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். அவள் போன வேகத்தைப் பார்த்தே மெஹ்ஜபினுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் அந்தப் பெட்டியின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். எதனால் இப்படி ஆயிற்று என்று தெரியாமல் எழுந்து போக அவளால் முடியவில்லை. மறுப்புகளை மறைக்கும் உத்தரவை நீக்கினாள். பிறகு தோள்பையில் இருந்த தன் லேப்டாப்பை எடுத்து, அதிலிருந்து ஒரு முறை நுழையப் பார்த்தாள். மறுக்கப்பட்டாள். இந்த முறை பதிவானது. சர்வரின் வாசலைக் காக்கும் நிரல் சாவிக் கோப்பைப் படிக்கப் போயிருக்கிறது. சாவிக் கோப்பின் லேபிளில் 'தற்காலிகம்' என்று இருந்திருக்கிறது. தற்காலிகப் பொருளைத் தொட வாசல் நிரலுக்கு அனுமதி இல்லை. ராகுகாலத்துக்குப் பயந்து ராஜவேல் ஒரே அள்ளாக அள்ளிப் போட்டபோது, கோப்புகள் இடம் மாறின, பழைய லேபிள் மாறாமல் கூடவே வந்துவிட்டது. ஜாஹித் நிற்கிற செக்கிங் டேபிளில் தினமும் நடப்பதுதான்: பனியன் சரி, தையல் சரி, சைஸ் லேபிள் தப்பு, தூக்கி எறி. லேபிளைத் திருத்த ஒரு வரி போதும். அவள் அதைத் தட்டினாள். எல்லாருடைய சாவியும் வேலை செய்தது.

ஒரே ஒரு வரி. அதற்குள் கிணறு போயிருந்தது.

கமிட்டி முழுவதும் பம்ப் ஹவுஸுக்கு வந்தது. யாரும் மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. உடைந்த பூட்டைச் சுற்றி நின்று வருத்தப்பட்டார்கள். சேர்மன் சட்டத்தின் நெளிவை விரலால் தடவிப் பார்த்தார். "கன்னி மூலையில போயி இப்படிப் பண்ணிட்டாளே" என்றார். அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

அத்துமீறி நுழைந்ததாக மயிலாள்மேல் போலீசில் புகார் கொடுக்கப்பட்டது. மெஹ்ஜபின் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டாள். விளக்கம் கேட்டார்கள். நடந்ததை ஒன்று விடாமல் எழுதினாள்: மறைக்கும் உத்தரவை நீக்கியிருக்கிறேன், இனி எல்லா மறுப்பும் பதிவாகும், சாவிக் கோப்புகளை மறுபடி அள்ளிப் போடாதீர்கள் என்று தனியாகக் கோடிட்டும் காட்டினாள். அந்த விளக்கத்தை 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தி வைத்துக்கொண்டார்கள். அதை யாரும் படிக்கவில்லை. துணைக்குழு மட்டும் தன் முடிவைச் சொன்னது: தண்ணீர் யாருடையது என்று தெரியவில்லை, ஆனால் நம்முடையது இல்லை.

மயிலாளின் பசு அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டது. நாள் ஆகாமலே கன்றை ஈன்றது. கன்று எழுந்து நிற்கவே இல்லை. அதைக் குழி தோண்டிப் புதைத்ததும் அதே கடப்பாரைதான். மெஹ்ஜபின் அன்று மயிலாளின் வீட்டில்தான் இருந்தாள். பசு கன்று கிடந்த இடத்தை நக்கிக்கொண்டே இருந்ததை அவளால் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. இந்தக் கன்றுக்கு எந்தக் கமிட்டி கூடும் என்று கேட்டு வாய்விட்டு அழுதாள்.

அன்றிலிருந்து மயிலாள் தினமும் நிலையத்தின் வாசலுக்குப் போனாள். சேர்மனைப் பார்க்க வேண்டும் என்பாள். வாட்ச்மேன் மரியாதையாகக் கார்டு கொடுப்பார். அவள் வைப்பாள். கீங். கிணற்றில் தண்ணீர் எடுத்த பெண்களும் அவளோடு போக ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு கார்டு கிடைத்தது. யாருக்கும் மறுக்கப்படவில்லை.

விருது விழாவும் வந்தது. பெரிய பலகை வைப்பதற்காக வாசலில் பழைய மறுப்புப் பலகையைக் கிணறு போன அன்றே கழற்றியிருந்தார்கள்; அதற்குப் பதில் சினிமா பேனர் அளவில் ஒரு புதிய மறுப்புப் பலகை வைத்து, திரை விழும் நொடியிலிருந்து எண்ணும்படி செய்து, பட்டுத் திரை போட்டு மூடியிருந்தார்கள். சென்னையிலிருந்து சிறப்பு விருந்தினர் வந்திருந்தார். மதிலுக்கு வெளியே மயிலாளும் பெண்களும் நின்றார்கள். மெஹ்ஜபினும் நின்றாள். ஒலிபெருக்கி ரோட்டைப் பார்த்து வைக்கப்பட்டிருந்ததால் உள்ளே பேசுவது எல்லாம் கேட்டது.

"களங்கப்பட்டுப் போன சர்வருக்கு இன்னைக்குக் காலையில நல்ல நேரத்துல சுத்தி பண்ணி, எல்லாச் சாவிகளையும் இறக்கி வெச்சு, புண்ணியாசனம் பண்ணி, ராகுகாலத்துக்கு முன்னாடியே மறுபடி ஏத்திட்டோமுங்க" என்று ராஜவேல் பேசினார். "ஒரே மூச்சுல ஏத்துனோம்!"

மெஹ்ஜபின் கண்ணை மூடிக்கொண்டாள்.

சிறப்பு விருந்தினர் கயிற்றை இழுத்தார். திரை விழுந்தது. 'மறுக்கப்பட்ட அனுமதிகள்: 0'. மேளம் அடித்தது. மயிலாள் பலகையைப் பார்த்தாள். கையிலிருந்த கார்டைப் பார்த்தாள். எப்போதும் போலப் பெட்டியில் வைத்தாள். கீங்.

பலகையில் பூஜ்யம் ஒன்றாக மாறியது.

மேளம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் நின்றது. மயிலாளுக்கு என்ன நடந்தது என்று முதலில் புரியவில்லை. மறுபடி வைத்தாள். இரண்டு. "அட!" என்றாள் பின்னால் நின்றவள். அவளும் வைத்தாள். பெண்கள் வரிசையாக, முண்டாமல் தள்ளாமல், குடத்துக்கு நிற்கிற மாதிரியே நின்று ஒவ்வொருவராக வைத்தார்கள். பலகை மறைக்காமல் எண்ணியது. பஸ்ஸில் போனவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். ஒரு கம்பெனி வேன் நின்றேவிட்டது.

மேடையில் ராஜவேல் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு குனிவது தெரிந்தது. பெண்கள் மூச்சு வாங்கிக்கொள்ள நின்ற நேரத்திலும் எண் ஏறியது. யாரும் கார்டு வைக்காமலே ஏறியது. ராஜவேல் தட்டத் தட்ட ஏறியது.

மெஹ்ஜபினின் போன் அடித்தது.

"மெஹ்ஜபின்…" ராஜவேல்தான். "உள்ள நுழைய முடியலைங்க. பர்மிஷன் டினைடுன்னே வருது. அன்னைக்கு என்ன பண்ணீங்க, கொஞ்சம் சொல்லுங்க. சேர்மன் பக்கத்துல நிக்கறாரு."

அவள் பலகையில் ஏறுகிற எண்ணைப் பார்த்தாள்.

"மறுப்பு எண் இருக்குதுங்களா சார்?" என்று கேட்டாள்.

'என்னங்க சொல்றாங்க?' என்று சேர்மன் கேட்பது போனில் கேட்டது.

"ஆருங் கண்ணு?" என்றாள் மயிலாள்.

"ஆபீஸ்லதானுங்க்கா. உள்ள விட மாட்டீங்குதாமா."

மயிலாள் சிரிக்கவில்லை. முகம் கன்றைப் புதைத்த அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது. "வாட்ச்மேனைக் கேக்கச் சொல்லு" என்றாள். "ஒரு கார்டு குடுப்பாரு."

சொல்லிவிட்டுத் தன் கார்டை மறுபடி பெட்டியில் வைத்தாள். பெரிய பலகையில் எண் ஒன்று கூடியது. பக்கத்தில், வெளியேறிய கழிவுநீர் இன்னும் பூஜ்யமாகவே எரிந்துகொண்டிருந்தது.